எள்ளலும் இரக்கமும்: ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சியில் நகையின் இயங்குமுறை

முன்னுரை

தோல்வியுற்ற ஒரு படைப்பை என்ன செய்வது என்னும் வினாவைத் திறனாய்வு பெரும்பாலும் தவிர்த்தே வந்துள்ளது. சிறந்த படைப்புகளுக்கு ஆய்வுகள் குவிகின்றன. நடுத்தரமானவை ஒரு மதிப்புரையோடு முடிந்துபோகின்றன. மோசமானவை பேசப்படாமலேயே மறைகின்றன. அவ்வாறு மறைந்துபோயிருக்க வேண்டிய அறிவியல் புனைவுத் திரைப்படங்களை எடுத்து, அவற்றை ஓடவிட்டு, அவற்றின் மீதே பேசிச் சிரித்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ ஆகும். ஜோயல் ஹாட்சன் உருவாக்கிய இந்நிகழ்ச்சி 1988 நவம்பர் 24 அன்று மினியாபொலிஸ் நகரின் கே.டி.எம்.ஏ. என்னும் உள்ளூர் அலைவரிசையில் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே கேபிள் வழியாக நாடு முழுவதும் சென்றது. காமெடி சென்ட்ரலில் 1996 வரையிலும், பின்னர் சை-ஃபை அலைவரிசையில் 1999 வரையிலும் நீடித்தது. 1993ஆம் ஆண்டுக்கான பீபாடி விருதும் இதற்குக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சியை வெறும் பொழுதுபோக்காகக் கொண்டு கடந்துவிடலாம். எனினும் பிறர் உழைப்பைத் திரையிட்டு அதன் முன் அமர்ந்து சிரிப்பது நேர்மையான செயலா என்னும் கேள்வி அதன் ஒவ்வொரு பகுதியிலும் மறைந்து நிற்கின்றது. அக்கேள்விக்கு நிகழ்ச்சி சில இடங்களில் நல்ல விடையும் சில இடங்களில் மோசமான விடையும் தருகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கதையமைப்பும் நிழலுருவங்களும்

கிஸ்மானிக் நிறுவனத்தில் துப்புரவுப் பணியாற்றிய ஜோயல் ராபின்சன் என்பவனை அங்குள்ள கொடிய அறிவியலாளர் இருவர் விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றனர். மட்டமான படங்களைத் தொடர்ந்து பார்த்தால் மனித மனம் எப்போது உடையும் என்பதே அவர்களுடைய ஆய்வு. அவர்களுள் முதன்மையானவருக்கு டாக்டர் ஃபாரெஸ்டர் என்று பெயர்; 1953இல் வெளிவந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தின் நாயகனான அறிவியலாளரின் பெயர் அது. தனிமை தாளாத ஜோயல் விண்கலத்தின் பாகங்களைக் கொண்டு எந்திரர்களைச் செய்துகொள்கிறான். படம் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பாகங்களையே அவன் இதற்குச் செலவிட்டுவிட்டான். எனவே படத்தை நிறுத்த அவனால் இயலாது. கட்டுப்பாட்டைக் கொடுத்துத் தோழமையைப் பெற்றவன் அவன். விளையாட்டாகச் சொல்லப்படும் இச்செய்தி நிகழ்ச்சி முழுவதற்கும் அடித்தளமாக அமைகின்றது.

படம் ஓடத் தொடங்கியதும் திரையின் கீழே வலப்புறத்தில் மூன்று நிழலுருவங்கள் தோன்றுகின்றன: நடுவில் மனிதன், இருபுறமும் குரோ, டாம் சர்வோ என்னும் எந்திரர்கள். அவர்கள் இடையிடையே பேசுவதை இக்கட்டுரை ‘இடைப்பேச்சு’ எனக் குறிக்கின்றது. பகடி என்பது மூலத்தைப் போலச் செய்து காட்டுவது. அங்கு மூலம் நம் கண்முன் இருப்பதில்லை. இங்கோ மூலமே ஓடுகின்றது. மூலபாடத்தை முன்வைத்து அடிதோறும் நின்று பேசும் உரையாசிரியரின் நிலைக்கு இது நெருக்கமானது. பேச்சு பொருந்துகிறதா இல்லையா என்பதைப் பார்வையாளர் அக்கணமே சரிபார்த்துக்கொள்ளலாம். வேறு எந்த நகைச்சுவை வடிவமும் தன்னை இவ்வளவு வெளிப்படையான சோதனைக்கு உட்படுத்திக்கொள்வதில்லை.

இடைப்பேச்சுக்கு இடைவெளி வேண்டும். இரைச்சலான, விரைவான படத்தில் பேச இடமில்லை. பொருளின்றி நடப்பது, வெறுமனே வண்டி ஓட்டுவது, ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் தொடங்கும்வரை நீளும் மௌனம் ஆகியவையே நிகழ்ச்சிக்கு விளைநிலம். மோசமான படத்தொகுப்பால் உண்டான வெற்றிடங்களில்தான் இந்நகை குடியேறுகின்றது. கே.டி.எம்.ஏ. காலத்தில் பெரும்பாலும் அவ்வப்போது தோன்றியதைப் பேசினர். பின்னர் எழுத்தாளர் குழு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒவ்வொரு இடைவெளிக்கும் சொற்களை எழுதி அமைத்தது. பிறர் ஒருமுறைகூடப் பொறுமையாகப் பாராத படத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க இயலாது. அதன் ஆக்கியோரே பார்த்திருப்பார்களா என்பது ஐயத்திற்குரியது.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறுகின்றது. ஈராயிரம் கல் தொலைவிலன்று, பெருங்கடல்களுக்கு அப்பால் எழுந்த ஒரு நிகழ்ச்சிக்கு இப்பகுப்பைப் பொருத்துவது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். எனினும் பேதைமைக்கும் மடனுக்கும் உரையாசிரியர்கள் காட்டும் வேறுபாடு இங்கு உண்மையாகவே பயன்படுகின்றது. பேதைமை அறியாமை, மடன் என்பது பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தல். மோசமான அறிவியல் புனைவுப் படங்களின் குறைகள் இவ்விரண்டாகவே பிரிகின்றன. சிறுவர் உலகைக் கட்டுவதுபோல் கட்டப்பட்ட ‘ரோபாட் மான்ஸ்டர்’ (1953) படத்தில் வேற்றுக்கோள் எந்திரன் என்பது கொரில்லா உடையின்மீது தலைக்கவசம் மாட்டிய ஒரு மனிதர்; அருகே குமிழி விடும் கருவி ஒன்று. இது பேதைமை, இதில் ஓர் இளமையும் கலந்துள்ளது. மாறாக, வேற்றுக்கோள் வந்தவுடன் படைத்தளபதியும் அறிவியலாளரும் அவர் மகளும் வரிசையாக வந்து நிற்பது மடன். யாரோ வகுத்த வாய்பாட்டை விடாது பற்றியிருப்பதன் விளைவு அது. நிகழ்ச்சியின் இடைப்பேச்சுகள் முதல்வகைக் குறையை அன்போடும் இரண்டாம் வகையைச் சினத்தோடும் அணுகுவதை நுணுகிப் பார்ப்போர் உணரலாம்.

‘ஸ்பேஸ் ம்யூட்டினி’ (1988) இரண்டும் சேர்ந்த படம். அதன் விண்கலக் காட்சிகள் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடரிலிருந்து எடுக்கப்பட்டவை; கலத்தின் உட்புறமாகக் காட்டப்படும் தொழிற்கூடத்தின் செங்கற்சுவர் வெளிப்படையாகத் தெரிகின்றது. கொல்லப்பட்ட பெண் அதிகாரி ஒருவர் அடுத்து வரும் காட்சியில் தம் இருக்கையில் அமர்ந்து பணி செய்துகொண்டிருக்கிறார். இவ்விடத்தில் நிகழ்ச்சி பிழையைச் சுட்டவில்லை. இறந்த பெண்ணுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளித்த தலைவரின் நற்பண்பைப் பாராட்டுகின்றது. பிழையைப் பிழை என்னாமல் அதனை அப்படத்தின் உலக நியதியாக ஏற்று, அந்நியதி எங்குக் கொண்டுசெல்கிறதோ அங்குச் செல்வதே இடைப்பேச்சின் உயர்நிலை. வசைக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

எள்ளுவோர் எள்ளப்படுவோரைவிட உயர்ந்த இடத்தில் இல்லை என்பதும் கருதத்தக்கது. டாம் சர்வோவின் தலை, நாணயமிட்டால் இனிப்பு மிட்டாய் உருண்டை தரும் பொறியின் கண்ணாடிக்குமிழ். குரோவின் அலகு, பிளந்த பந்துருட்டுக் கட்டை. கொரில்லா உடையைக் கேலி செய்பவர்கள் அதே வறுமையில் பிறந்தவர்கள். 2015இல் ரசிகர்களிடமிருந்து 57 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2017இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக மீண்டும் வந்தபோது அரங்கமைப்பு செழுமையடைந்தது, இடைப்பேச்சுகளும் நெருக்கமாயின. சிரிப்பு குறையவில்லை. ஆனால் அந்தச் சமநிலை சற்றே குலைந்தது என்றே கூற வேண்டும்.

வேறொரு தடையும் உண்டு. இடைப்பேச்சுகளில் கணிசமானவை அமெரிக்க விளம்பரங்கள், மறந்துபோன தொடர்கள், மினசோட்டா மாநில வாழ்க்கை ஆகியவற்றைத் தொட்டுச் செல்பவை. ரசிகர்கள் அவற்றுக்கு விளக்கக் குறிப்புகள் தொகுத்துள்ளனர். உரைக்கு உரை தேவைப்பட்டுவிட்டது. தமிழ்ப் பார்வையாளருக்குப் பல இடங்கள் புரியாமலே கடந்துபோகும். அது குறையன்று, உரைநூல்களைப் படித்துப் பழகியோர்க்கு இது புதிதும் அன்று.

எள்ளல் தவறிய இடங்கள்

நிகழ்ச்சியின் மீது வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு, மொழிமாற்றப்பட்ட படங்கள் தொடர்பானது. அலெக்சாந்தர் புதுஷ்கோவின் ‘சாத்கோ’ என்னும் சோவியத் படம் 1953இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. நோவ்கொரோத் நகரத்து இசைவாணனைப் பற்றிய உருசியப் பழங்கதை அது. 1962இல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதனை ஆங்கிலத்தில் பேசவைத்து, நாயகனைச் சிந்துபாத் ஆக்கி, ‘தி மேஜிக் வாயேஜ் ஆஃப் சின்பாத்’ என வெளியிட்டனர். நிகழ்ச்சி 1993இல் எடுத்துக்கொண்டது இந்தப் பதிப்பையே. உருசிய மரமாளிகைகளுக்கு நடுவே சிந்துபாத் உலவுவது நகைப்பிற்குரியதுதான். ஆனால் அந்நகைப்புக்குரியவர் புதுஷ்கோ அல்லர். பின்லாந்தின் காலேவலா காப்பியக் கதையைக் கொண்டு அவர் இயக்கிய ‘சாம்போ’ (1959), ‘தி டே தி எர்த் ஃபுரோஸ்’ என்னும் பெயரிலும், ‘இலியா முரோமெத்ஸ்’ (1956), ‘தி சோர்ட் அண்ட் தி டிராகன்’ என்னும் பெயரிலும் இதே நிலைக்கு உள்ளாயின. கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் இணைந்து, ஸ்தனிஸ்லாவ் லெம்மின் நாவலைத் தழுவி 1960இல் எடுத்த படமும் அமெரிக்காவில் ஏறத்தாழக் கால் மணி நேரம் குறைக்கப்பட்ட வடிவிலேயே இந்நிகழ்ச்சியை வந்தடைந்தது.

பாடபேதம் அறிந்த எவரும் இங்குத் தயங்குவர். ஏடு எழுதியோர் பிழையை நூலாசிரியர்மேல் ஏற்றுவது நமக்கு நன்கு தெரிந்த தவறு. சிதைந்த பிரதியை மூலமாகக் கொண்டு தீர்ப்புரைப்பது, தீர்ப்பு எவ்வளவு நகைச்சுவையாக இருப்பினும், நேர்மையன்று. இப்பகுதிகளில் அழகிய காட்சிகள் வரும்போது இடைப்பேச்சு சற்று அடங்குவதைக் காணலாம். பேசுவோர் கண்களும் எதையோ கண்டிருக்க வேண்டும். ஆயினும் சிந்துபாத் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதைப் பார்வையாளர் அறிந்துகொள்ள அங்கு வழியில்லை.

1996இல் நிகழ்ச்சியே திரைப்படமாக வந்தபோது தவறு வேறு வடிவம் கொண்டது. அதற்குத் தேர்ந்துகொள்ளப்பட்ட ‘திஸ் ஐலண்ட் எர்த்’ (1955) வண்ணத்தில் பெருநிறுவனம் எடுத்த படம். அக்காலத் தரத்தில் அதன் காட்சியமைப்பு மட்டமானதன்று. தனியே பார்த்தால் ஏறத்தாழ 87 நிமிடம் ஓடும் அப்படம், எள்ளுவோரின் கதைப்பகுதிகளும் சேர்ந்த நிலையில் 74 நிமிடத் திரைப்படத்துக்குள் அடக்கப்பட்டது. வெட்டியபின் தொடர்பற்றுத் தோன்றும் கதையைத் தொடர்பற்றது என்று சிரிப்பது எளிது. தொலைக்காட்சியிலும் நேரத்துக்கேற்ப வெட்டுவது வழக்கமாகவே இருந்தது. ஆனால் அங்கு இரண்டு மணி நேர ஒளிபரப்பில் மூலத்தின் சோர்வே நிகழ்ச்சியின் சுவையாக எஞ்சியது. திரையரங்கில் அச்சோர்வுக்கு இடமில்லை.

நிகழ்ச்சியின் எழுத்தாளர்களுள் ஒருவரும் டாம் சர்வோவுக்குக் குரல் கொடுத்தவருமான கெவின் மர்ஃபி, நாவலாசிரியர் கர்ட் வானகட்டைச் சந்தித்ததைத் தம் நூலில் குறிப்பிடுகிறார். மோசமாகப் படைத்தாலும் முயன்று உழைத்த கலைஞர் மதிப்புக்குரியவர் என்னும் கருத்தை வானகட் அவரிடம் வலியுறுத்தினார். இக்கண்டனத்தை மர்ஃபி மறைக்காமல் எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது.

‘மேனோஸ்’: எள்ளப்பட்டோரின் சிரிப்பு

வானகட்டின் கண்டனத்தை எதிர்கொள்ள ஏற்ற படம் ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’. டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் உர விற்பனை செய்துவந்த ஹெரால்ட் பி. வாரன் எழுதி, இயக்கி, நடித்து, 1966 நவம்பர் 15 அன்று அந்நகரிலேயே வெளியிட்ட படம் அது. கையால் முடுக்கப்பட்ட 16 மி.மீ. படக்கருவி ஒருமுறைக்கு 32 நொடிகளுக்கு மேல் ஓடாது. ஒலிப்பதிவு படப்பிடிப்பின்போது செய்யப்படவில்லை. பின்னர் ஒரு சிலரே எல்லாருக்குமாகப் பேசினர். தொடக்கத்தில் ஒரு குடும்பம் வண்டியில் செல்கின்றது, செல்கின்றது, மீண்டும் செல்கின்றது. இப்படத்தில் மடன் குறைவு, பேதைமை மிகுதி: யாருடைய வாய்பாட்டையும் வாரன் முழுதாகக் கற்றிருக்கவில்லை.

1993 சனவரி 30 அன்று ஒளிபரப்பான அப்பகுதியில் ஜோயலும் எந்திரர்களும் உண்மையாகவே களைத்துப்போகின்றனர். கொடிய அறிவியலாளர்களே இப்படத்தை அனுப்பியதற்காக மன்னிப்புக் கேட்கின்றனர். எள்ளலின் ஆற்றல் தீர்ந்துபோகும் எல்லையை நிகழ்ச்சி தானே காட்டிவிடுகின்றது. அவ்வெல்லையில் எஞ்சுவது இகழ்ச்சியன்று, ஒருவகை வியப்பு. சில மாதங்களில் ஜோயல் விலக, தலைமை எழுத்தாளர் மைக் நெல்சன் அவ்விடத்துக்கு வந்தார். அவருடைய எள்ளல் கூர்மையானது; ஜோயலின் உறக்கம் கலந்த கனிவு அதில் இல்லை. ‘மேனோஸ்’ நெல்சனிடம் சிக்கியிருந்தால் இன்னும் மிகுதியாகச் சிரித்திருப்போம். இவ்வளவு நினைவில் வைத்திருப்போமா என்பது ஐயமே.

எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கின்றார்: பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஜாக்கி நேமன் ஜோன்ஸ் தக்க சான்று. ‘மேனோஸ்’ படத்தில் சிறுமியாக நடித்தவர் அவர். தலைவனாக நடித்தவர் அவருடைய தந்தை. திரையில் அச்சிறுமி வாய் திறந்தபோது வெளிவந்தது வளர்ந்த பெண் ஒருவரின் குரல். முதல் திரையிடலிலேயே அது கேட்டு அவர் அழுதார். நிகழ்ச்சியால் படம் புகழடைந்த பின்னர் அதன் ரசிகர்களோடு கலந்து பழகி, தம் நினைவுகளை நூலாகவும் எழுதினார். 1985இல் இறந்துவிட்ட வாரனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எள்ளப்பட்டவர் சிரிக்க, முதலில் உயிரோடிருக்க வேண்டும் என்பதையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

2011இல் ‘மேனோஸ்’ படத்தின் 16 மி.மீ. பணிப்படி கண்டெடுக்கப்பட்டது. பென் சோலவே என்பவர் அதனைச் சட்டகம் சட்டகமாகத் தூய்மை செய்து மீட்டார். அந்த மீட்டுருவாக்கப் பதிப்பில் வாரனின் சாலை, வண்டி, குடும்பம் ஆகியவை முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகின்றன. வண்டி முன்போலவே நெடுநேரம் செல்கின்றது. கீழ் வலப்புறத்தில் யாரும் அமர்ந்திருக்கவில்லை.