சிறுபாணனும் சுற்றுலாக் கட்டுரையும்

பினாங்கைக் கண்டு வந்தோர் எழுதிய தமிழ்க் கட்டுரைகளுள் ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படிக்க வேண்டுவதில்லை. கொடிமலை இரயில், பாம்புக் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள், குயின் தெரு மாரியம்மன் என்னும் வரிசை மாறுவதே இல்லை. ஒவ்வொன்றும் 'கண்கொள்ளாக் காட்சி'தான். ஆனால் கண் எதைக் கொண்டது என்பது மட்டும் எங்கும் இல்லை.

வழிநடைச் செய்தியை இலக்கியமாக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடையது. அதில் வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய மூவேந்தர் தலைநகரங்கள் மூன்றும் வருகின்றன. நல்லியக்கோடனின் கொடைக்கு முன் அவை வறியன என்று சொல்லிப் பாணன் அப்பால் நடக்கிறான். அவன் நின்று பார்ப்பவை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் சிற்றூர்கள். எயிற்பட்டினத்தில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரம், உறங்கும் ஒட்டகம் போலக் கிடக்கிறது. அதையே விறகாக்கி நுளைமகள் கள் காய்ச்சுகிறாள். (அம்மரத்தை அகில் என்பர். மலாய்க் காடுகளில் 'காரு' என வழங்குவதும் அகிலே. பினாங்கு மாணவருக்கு இப்பகுதியை நடத்தும் ஆசிரியர் இங்கே சற்று நிற்கலாம்.) வேலூரில் எயினர் மகளிர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் குற்றிய அரிசிச் சோறும் நண்டும். அந்த அரிசியைக் குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருப்பதையும் புலவர் விடவில்லை. தேய்ந்த பூணைச் சொன்னதும் அவ்வூரின் உழைப்பு முழுதும் தெரிந்துவிடுகிறது.

இக்காலத்தாருள் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியாரிடம் இந்தக் கண் இருந்தது. மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதிய சோமலெயிடம் உழைப்பும் தகவலும் மிகுதி. ஆனால் சில இடங்களில் தகவல் மூட்டையின் அடியில் ஊர் நசுங்கிப் போகிறது. பின்வந்தோர் பலர் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஜார்ஜ் டவுனில் ஒரே தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் (1801), 1818-இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் கருணைத் தேவி கோயிலும் நிற்கின்றன. 1833-இல் தோன்றிய மாரியம்மன் கோயில் அடுத்த தெருவில். 'மத நல்லிணக்கம்' என்று ஒரு சொல் எழுதிவிட்டு நம் கட்டுரையாளர் உணவுக்கடைக்குப் போய்விடுகிறார். முன்பு மலபார்த் தெரு எனப்பட்ட சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா உண்டு. அங்கே ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கம் இல்லை. அது நாகூரில் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் ஊரை நினைத்து எழுப்பிய நினைவிடம் இது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 'ரஜூலா' முதலிய கப்பல்கள் ஓடிய காலத்தை நினைக்காமல் அந்தச் சிறு கட்டடத்தைக் காண முடியுமா?

2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தது முதல் கூட்டம் பெருகியது. அதே தீவின் மேற்கே, மலைக்கு அப்பால், பாலிக் பூலாவ் இருக்கிறது. 'தீவின் பின்புறம்' என்பதே அப்பெயரின் பொருள். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதை, சாதிக்காய், கிராம்பு, டுரியான் தோப்புகள், கானாங்கெளுத்தி மீனும் புளியும் கொதிக்கும் லக்சா. வேலூர்ப் புளிச்சோற்றைப் பாடிய மொழியில் இந்தப் புளிக்குழம்புக்கு இரண்டு வரி கிடைப்பது அரிதாக இருக்கிறது.

குறை எழுத்தாளரிடம் மட்டுமா? 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்து, 'மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்' என்ற முடிவுக்கு மதிப்பெண் இடுவது பள்ளிக்கூடம். பாலிக் பூலாவ் மாணவனும் கொடிமலையைப் பற்றியே எழுதுகிறான்; தன் ஊர் எழுதத் தக்கதன்று என்று அவனுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கொடுத்த மாதிரிக் கட்டுரை சொல்லிவிட்டது. அவன் வீட்டு முற்றத்தில் சாதிக்காய் உலர்கிறது. அதன் செந்நிறப் பத்திரியை யார் உரிக்கிறார், எத்தனை நாள் காய்கிறது, விலை பேச யார் வருகிறார் என்று கேட்டு எழுதச் சொன்னால் அவன் எழுதுவான்.