விழத் தெரிந்தவர்

1920-இல் வந்த ‘ஒன் வீக்’ என்ற இரண்டு ரீல் மௌனப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் பரிசாக ஒரு வீடே பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. பெட்டிகளின் எண்களைப் பொறாமைக்காரன் ஒருவன் மாற்றி எழுதிவிடுகிறான். புதுமாப்பிள்ளை பஸ்டர் கீட்டன் எண் பிசகாமல் கட்டுகிறார்; வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. கடைசியில் அதை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று அவர்கள் மூச்சு விடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்குகிறது. கீட்டன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை இடிபாட்டின் மேல் வைக்கிறார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல, கட்டுமானக் குறிப்புத் தாளையும் அதோடு சேர்த்துவிட்டு, மனைவி கையைப் பிடித்து நடக்கிறார்.

அடுத்த வருஷம் அவருக்கு நிஜமாகவே கல்யாணம் நடந்தது. மணப்பெண் நடாலி டால்மட்ஜ். அவருடைய அக்கா நார்மா பெரிய நட்சத்திரம். நார்மாவின் கணவர் ஜோசப் ஸ்கென்க்தான் கீட்டனின் தயாரிப்பாளர். ஆக, முதலாளியே சகலை. கம்பெனிக்கு ‘பஸ்டர் கீட்டன் புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர்; அதில் பஸ்டர் கீட்டனுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் வந்தன, அவ்வளவுதான். சாப்ளினும் ஹெரால்ட் லாயிடும் தங்கள் படங்களைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். இவர் கேட்கவே இல்லை. பின்னால் வந்த பணக்கஷ்டத்துக்கெல்லாம் விவாகரத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. ஓட்டை முன்பே இருந்தது.

காசு விஷயத்தில் அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். நாலைந்து வயதிலிருந்து அப்பா அம்மாவோடு மேடையில் உழைத்தவர். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் ஆட்டமே. பிடிக்க வசதியாகச் சட்டையின் முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். விழுந்தபின் தான் சிரித்தால் சபை சிரிக்காது என்பதை அந்தப் பையன் அங்கே கண்டுகொண்டான். 1917-இல் நியூயார்க்கில் வாரம் 250 டாலருக்கு மேடை ஒப்பந்தம் கையில் இருந்தது. சிரிப்பு நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்பைப் பார்க்கப் போனவர், கேமராவைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தை விட்டு 40 டாலருக்குச் சினிமாவில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கேமரா அறிவும் மேடையில் விழுந்து பழகிய உடம்பும் சேர்ந்த இடம் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928). சூறாவளியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகக் கவிழ்கிறது. கீழே கீட்டன் நிற்கிறார். மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர்மேல் வந்து இறங்க, அவர் மட்டும் நிற்கிறார். சுவரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடம். தந்திரக் காட்சி இல்லை. காற்றும் சுவரும் அவரும் மட்டுமே. ஆனால் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துவது அந்த ஆபத்தைவிட அவர் நிற்கும் விதம். சுவர் வருவது தெரியாத மனிதனாக நிற்க வேண்டும். ஆனால் ஆணி அடித்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகரக் கூடாது. உடம்பு முழு விழிப்பில் இருக்க, முகத்தில் அதன் சாயலே கிடையாது. சங்கீதத்தில் தாளத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்துப் பாடுகிறவர்கள் உண்டே, அந்த ஜாதி.

அதே வருஷம் எம்.ஜி.எம். கம்பெனிக்குப் போனார். வாரம் 3,000 டாலர். சாப்ளினும் லாயிடும் வேண்டாம் என்றார்கள். ஸ்கென்க் போகச் சொன்னார். அங்கே எல்லாம் முன்கூட்டியே எழுதி, ஒப்புதல் வாங்கி, அதன்பிறகுதான் எடுக்க வேண்டும். அவர் விழ வேண்டிய இடத்தில் வேறு ஆளை விழவைக்கப் பார்த்தார்கள். பேசும்படம் வந்ததும் அவர் வாயில் சளசளவென்று வசனத்தைத் திணித்தார்கள். அந்தப் படங்கள் அவருடைய மௌனப் படங்களைவிட நன்றாக ஓடின என்பது உண்மை. அவர் அதிகம் சம்பாதித்த காலமும் அவர் கலை மெலிந்த காலமும் ஒன்றே என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

1931-இல் வந்த ‘பார்லர், பெட்ரூம் அண்ட் பாத்’ படத்தில் ஒரு பெரிய மாளிகை வருகிறது. பெவர்லி ஹில்ஸில் ஏறக்குறைய 3,00,000 டாலர் போட்டு அவர் கட்டிய சொந்த வீடு அது. படிக்கட்டும் தோட்டமும் இன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன. நகைச்சுவைக் காட்சிதான், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மறுவருஷம் விவாகரத்து. வீடு மனைவிக்குப் போயிற்று, இரண்டு மகன்களும் போனார்கள். பிள்ளைகளின் குடும்பப் பெயரையே சட்டப்படி டால்மட்ஜ் என்று மாற்றினார்கள். கீட்டனின் குடியும் ஊர்சுற்றலும் இதில் சேர்ந்தவைதான். நடாலியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1933-இல் எம்.ஜி.எம். வெளியே அனுப்பியது. 1934-இல் திவால் மனு. அவசரத்தில் செய்த இரண்டாம் கல்யாணமும் நிலைக்கவில்லை.

சில வருஷம் கழித்து அதே எம்.ஜி.எம். வாசலில் மறுபடி நுழைந்தார், மற்றவர்கள் படத்துக்குச் சிரிப்புத் துணுக்கு யோசித்துக் கொடுக்கும் ஆளாக. சம்பளம் வாரம் 100 டாலர். மார்க்ஸ் சகோதரர்களுக்கும் ரெட் ஸ்கெல்டனுக்கும் யோசித்துக் கொடுத்தார்.

1949-இல் ‘இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்’ என்ற படத்துக்கு ஒரு சிக்கல். விலைமதிப்பில்லாத வயலின் ஒன்று உடைய வேண்டும். வேண்டுமென்றே உடைத்ததாகத் தெரியக் கூடாது. பார்க்கிறவர்கள் சிரிக்கவும் வேண்டும். கீட்டனிடம் கேட்டார்கள். யோசித்து ஒரு விழுதலைச் செய்து காட்டினார். வேறு யாராலும் அப்படி விழ முடியாதென்று தெரிந்ததும் அந்த வேடத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வயது 53. ‘ஷெர்லாக் ஜூனியர்’ எடுக்கும்போது கழுத்தெலும்பு முறிந்து, அது தெரியாமலே பல வருஷம் திரிந்தவர். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் அந்த விழுதலில் தடுமாற்றம் காலில் தொடங்கி இடுப்புக்கு ஏறுகிறது. கையிலிருக்கும் வயலின் உயிரோடிருப்பதுபோல் தப்பப் பார்க்கிறது. கடைசியில் அவர் உடம்பே அதன்மேல் இறங்குகிறது. சட்டையில் கைப்பிடி தைத்த அந்தப் பையன் அப்படியே இருக்கிறான். மூவாயிரம் டாலர் காலத்துப் பேசும்படங்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் நான் இந்த ஒரு விழுதலைத்தான் எடுப்பேன்.

1940-இல் மணந்த எலினார் கடைசிவரை கூட இருந்தார். ஐம்பதுகளில், கீட்டனின் கதையைப் படமாக்கும் உரிமைக்காக பாரமவுண்ட் 50,000 டாலர் கொடுத்தது. படம் மோசம். அந்தப் பணத்தில் உட்லண்ட் ஹில்ஸில் ஒரு சின்ன வீடு வாங்கினார். தோட்டத்தில் பொம்மைத் தண்டவாளம் போட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு ஒரு சின்ன ரயில் தின்பண்டம் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும்.