இப்னு கல்தூனின் கற்பித்தல் நோக்கும் அரபுத்தமிழ் மரபும்

இஸ்லாமியக் கல்வி நிறுவனங்களின் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தில் எதைச் சேர்ப்பது என்பதிலேயே நின்றுவிடுகின்றன; எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. 1377இல் எழுதப்பெற்ற 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரு பாடத்தை முதலில் சுருக்கமாகவும், அடுத்து விளக்கமாகவும், இறுதியில் ஐயம் எஞ்சாதவாறும் மும்முறை கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. செறிவான சுருக்க நூல்களை மாணவர்மீது சுமத்துவதையும் அவர்களிடம் கடுமை காட்டுவதையும் அவர் கண்டித்தார். வகுப்பில் வாய் திறவாத மாணவர் மனனத்தில் சிறந்தாலும் துறைத்திறன் பெறுவதில்லை என்றார்.

ஆயினும் அவர் நோக்கிற்கு ஓர் எல்லை உண்டு. அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர்க்கு அறிவுத்துறைகளில் தேர்ச்சி பெறுவது கடினம் எனக் கூறும் அவர், அரபிப் புலமையை வேரூன்றச் செய்வதையே வழியாகக் காண்கிறார். தமிழ் முஸ்லிம்கள் வேறொரு வழியும் கண்டனர். அரபு எழுத்தில் தமிழை எழுதிச் சமயச் சட்டங்களைத் தாய்மொழியிலேயே விளக்கினர். ஆகவே அரபுத்தமிழ் நூல்களை எழுத்து வரலாற்றுச் சான்றுகளாக மட்டுமன்றி, கற்பித்தல் முறையின் சான்றுகளாகவும் ஆராய்தல் வேண்டும். மாணவர் எம்மொழியில் தடையின்றி வினவ இயலும் என்பதை விட்டுவிட்டு மதரசாக் கல்வியைச் சீர்திருத்துதல் அரிது.