இன்னொரு கை என்ன செய்கிறது?

காசிமேட்டில் மீன் ஆயும் பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புதிதாக இருக்காது. வாய் ஒருவரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும். கண் பக்கத்துக் கூடையின் மேல் இருக்கும். கை தன்பாட்டுக்குச் செதிலைச் சுரண்டித் தள்ளும். பேரம் படியவில்லை என்றால், குரல் உயர்வதற்கு முன்பே கையின் வேகம் கூடிவிடும். கோபத்தை முதலில் சொல்வது முகமல்ல, கை.

அனிமேஷன்காரர்கள் இதை 'செகண்டரி ஆக்‌ஷன்' என்கிறார்கள். துணைச் செயல் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்னியில் நீண்டகாலம் வேலை செய்த பிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' நூலில் வகுத்துத் தந்த 12 விதிகளில் இதுவும் ஒன்று. பாத்திரம் செய்கிற முதன்மைச் செயலோடு கூடவே வரும் சின்னச் செயல் இது. முதன்மைச் செயலுக்குள் இருக்கும் மனநிலையை வெளியே கொண்டுவர வேண்டும். துணியும் முடியும் ஆடுவதையே பலர் துணைச் செயல் என்று நினைத்துவிடுகிறார்கள். முந்தானை பறப்பது காற்றின் வேலை. பறக்கிற முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவது அவள் வேலை. மனசு இருப்பது இரண்டாவதில்தான்.

இந்தத் தொழில்நுட்பச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தமிழ்த் திரை வடசென்னை உடலுக்குப் பெரும்பாலும் முதன்மைச் செயலை மட்டுமே கொடுத்திருக்கிறது: வெட்டு, ஓடு, ஆடு. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை உள்ள உடல்கள் வேலையால் செய்யப்பட்டவை. மூட்டை தூக்கிய தோள் சும்மா நிற்கும்போதும் ஒரு பக்கம் சாய்கிறது. வலை பின்னிய விரல் பேச்சுக்கு நடுவிலும் நூலைத் தேடுகிறது. உழைப்பின் வரலாறு படிந்திருப்பது இந்த அசைவுகளில்தான். அவற்றை அழித்துவிட்டுக் கத்தியை மட்டும் கையில் கொடுத்தால் மிஞ்சுவது மனிதர் அல்ல, பொதுப்புத்தி வைத்திருக்கும் பிம்பம்.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இதற்கு விலக்கு. டான்சிங் ரோஸை நினைத்துப் பாருங்கள். குத்துவது அவருடைய முதன்மைச் செயல். அந்தக் கால்கள் ஆடும் ஆட்டமோ எதிராளியைக் கேலி செய்கிறது, குத்திலிருந்து விலகுகிறது, தன் உடம்பின் மேல் அவருக்கிருக்கும் சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறது. அதிக வசனம் இல்லாமலேயே ஒரு ஆள் முழுசாக நம் முன் வந்து நிற்கிறார்.

எதிர்த்திசையில் இருப்பது 'கோச்சடையான்' (2014). ரஜினிகாந்தின் நடிப்பே துணைச் செயல்களால் ஆனது என்று சொல்லலாம். சிகரெட், துண்டு, கண்ணாடி, முடியைக் கோதும் கை. நடிகரின் அசைவைப் பதிவு செய்து கணினி உடலுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. இம்முறையில் நடையும் வாள்வீச்சும் ஓரளவு வந்துவிடும். விரலையும் கண்ணையும் அனிமேட்டர் உட்கார்ந்து மெனக்கெட்டால்தான் உண்டு. என் பார்வையில், அந்தப் படத்தில் உடம்பு வந்தது, விரல் வரவில்லை. கவசம் போட்ட அரசனுக்கு ரசிகன் அறிந்த அந்தக் கை கிடைக்கவேயில்லை.

'முதன்மை', 'துணை' என்றதும் நம்மில் சிலருக்கு அதிகாரப் படிநிலை ஞாபகம் வரும். துணையை மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றும். நட்சத்திர சினிமா அதைத்தானே பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது? சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கும்போது கதை நின்றுவிடுகிறது, கைதட்டல் கிடைக்கிறது, அந்தப் பாத்திரம் என்ன நினைக்கிறது என்பது மறந்துபோகிறது. துணைச் செயல் சாட்சி மாதிரி. தன்னைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டால் வழக்கு கெட்டுப்போகும்.

திருவொற்றியூர்த் தம்பி ஒருவர், அனிமேஷன் படித்தவர், ஒரு நிமிடப் பயிற்சிப் படம் ஒன்றைக் காட்டினார். 2023 டிசம்பர், புயல் வெள்ளத்துக்குப் பின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த நேரம். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் புருஷன் வந்து இனி வலை போட முடியாது என்கிறான். முதல் வடிவத்தில் அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடி அழுதாள். தோள் குலுங்கியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. "இதுக்கு மேல அழுகைய எப்டிண்ணே காட்றது?" என்றார். "அழுகைய வுடுப்பா, கத்திய ஏன் கீழ போட்ட?" என்று கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மாற்றிக்கொண்டு வந்தார். சேதி காதில் விழுகிறது. கை நிற்கவில்லை, மெதுவாகிறது. முகம் மாறும் அந்தக் கணத்தில் மட்டும் கையை அசையாமல் வைத்திருந்தார்; இரண்டும் ஒரே நேரத்தில் அசைந்தால் பார்வை கையோடு போய்விடும், முகம் தவறிப்போகும். பிறகு கை மறுபடி தொடங்குகிறது, ஏற்கெனவே செதில் எடுத்த பக்கத்திலேயே. அழுகை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தேச்ச பக்கத்தையே தேய்க்குறா பாரு, பாவம்" என்றார்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இனி வடசென்னைப் பெண் என்றாலே கையில் மீனும் கத்தியும் கொடுத்துவிடலாம். அதுவும் ஒரு முத்திரைதான். அந்தச் செயலை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். உணர்வு குறையவில்லை என்றால் அது வெறும் வட்டார அலங்காரம்.

இது படம் போடுகிறவர்களுக்கு மட்டுமான பாடமில்லை. நம்முடைய முற்போக்குக் கதைகளில் வேலை போன தொழிலாளி வானத்தை வெறித்துப் பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான். இருபது வருஷம் இயந்திரத்தோடு இருந்த அவன் கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? அதை நாம் எழுதவில்லை. ஏனென்றால் நாம் பார்க்கவில்லை.