நாஷுவா ஆறு: படக்கதை சொல்லாமல் விட்டது

லின் செர்ரி எழுதிப் படமும் வரைந்த ‘எ ரிவர் ரன் வைல்ட்’ (1992) சிறுவர் நூல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓடும் நாஷுவா ஆற்றின் வரலாறு. பக்க ஓரமெங்கும் அந்தந்தக் காலத்துப் பொருள்களைச் சிறு சிறு படங்களாக வரைந்திருக்கிறார், அதற்காகவே வாங்கலாம்.

காகித ஆலைகள் அன்று எந்த நிறத்தாள் செய்தனவோ, அந்த நிறத்தில் ஆறு ஓடிய காலமுண்டு. மேரியன் ஸ்டாடர்ட் என்ற குடும்பத் தலைவி 1960-களில் ஊராரைத் திரட்டினார். அழுக்கு நீரைக் குப்பியில் அடைத்து ஆட்சியாளர்களிடம் காட்டினார். ஆறு பிழைத்தது. இக்கதையை நூல் சுவையாகச் சொல்கிறது. ஆனால் எப்படிப் பிழைத்தது?

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். காகிதக் கூழையும் சாக்கடையையும் தின்னும் பாக்டீரியாக்கள் அதைத் தீர்த்துவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். சுத்திகரிப்பு நிலையம் என்பது வேறொன்றுமில்லை. பாக்டீரியாக்களுக்குத் தொட்டியிலேயே விருந்து வைத்து, காற்றையும் ஊதிக் கொடுப்பது. ஆற்றுக்கு அந்தச் செலவு மிச்சம். இந்த ஒரு பக்கம் நூலில் இருந்திருந்தால், போராட்டமும் சட்டமும் மட்டுமே ஆற்றைக் கழுவின என்று சிறுவர் எண்ணமாட்டார்கள்.

கதை 1992-உடன் முடியவுமில்லை. 1968-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று சிறந்த ஆறுகளைப் புதிய அணைகளிலிருந்து காக்கிறது. தடையின்றி ஓடுகிறதா, இயற்கை எழில், மீன், வரலாறு போன்றவற்றில் ஒன்றேனும் தனிச்சிறப்பாக உண்டா என்றே அது கேட்கிறது. பழைய அழுக்கைக் கிளறுவதில்லை. அது நியாயமே. 2014-இல் ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. 2019-இல் நாஷுவாவும் ஸ்குவானகூக், நிசிடிசிட் என்னும் துணையாறுகளுமாகச் சுமார் 85 கிலோமீட்டர் பட்டியலில் ஏறியது. நூலின் தலைப்பு ‘வைல்ட்’ என்றாலும், சட்டம் தந்த வகுப்பு ‘எழில்மிகு ஆறு’தான்; ‘காட்டாறு’ அன்று.

பெப்பரல் மின்அணையை ஒட்டிய பகுதி விலக்கப்பட்டது. இங்குதான் எனக்கு உடன்பாடில்லை. தேங்கிய நீர் வெயிலில் சூடேறும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கல்லில் மோதி நுரைக்கும் ஓட்டத்தைப்போல் காற்றையும் அள்ளாது. அதிகக் கவனம் வேண்டிய இடம் அதுவே. அணை மின்சாரம் தருகிறது என்பதும் மெய்தான். ஆனால் அந்த நீரே அடுத்துள்ள ‘எழில்மிகு’ பகுதிக்குள் போகிறது.