ஒன்பதாவது கட்டடம்: செத்தவர்களுக்காக யார் பேசுவது?

செபுல்டுரா என்றால் போர்த்துக்கீசிய மொழியில் கல்லறை. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ச்சி நகரத்துப் பையன்கள் 1984இல் தொடங்கிய மெட்டல் குழு. மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா, ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர், பாலோ ஜூனியர் என்ற நால்வர் கூட்டு 1996 டிசம்பரில் உடைந்தது. பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2024இல் விடைபெறும் பயணமும் தொடங்கினார்கள். நான் சொல்ல வருவது உடைந்துபோன அந்த நால்வரைப் பற்றி. அதிலும் 1993இல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தில் பத்தாவதாக வருகிற 'மேனிஃபெஸ்ட்' என்ற பாட்டைப் பற்றி.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுறவங்க பெரும்பாலும் முதல் மூன்று பாட்டோட நிறுத்திக்கிறாங்க. எதிர்ப்பு, நிலம், அடிமைத்தனம் என்று பொதுப்பெயர்களில் நடக்கிற பாட்டுகள் அவை. எந்த ஊர்க்காரனும் தன் ஊரை அதில் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். உலகச் சந்தைக்குத் தோதான எதிர்ப்பு. (அவை மோசமான பாட்டுகள் என்று சொல்லவில்லை.) 'மேனிஃபெஸ்ட்' அப்படியில்லை. அதற்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கட்டட எண் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதற்குத் தோதான பல்லவிதான் இல்லை. ரசிகர்கள் தாண்டிப் போனதில் ஆச்சரியமில்லை.

1992 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. சாவோ பாவ்லோ நகரத்தின் கரந்திரு சிறை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம். ஒன்பதாவது கட்டடத்தில் கைதிகளுக்குள்ளே சண்டை வந்தது. இராணுவப் போலீஸ் உள்ளே புகுந்தது. (ராணுவம் அல்ல; மாநில அரசின் சீருடைப் போலீஸ். 1964 முதல் 1985 வரையான சர்வாதிகாரம் போன பிறகும் கலைக்கப்படாமல் நின்ற அமைப்பு.) அரசின் கணக்குப்படியே 111 கைதிகள் செத்தார்கள். போலீசில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. 'மோதல்' என்ற சொல்லுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. செத்தவர்களில் மிகப்பலர் தண்டனை விதிக்கப்படாதவர்கள், விசாரணைக்காகக் காத்துக் கிடந்தவர்கள். மறுநாள் நகராட்சித் தேர்தல். எண்ணிக்கை வெளியே வந்தது வாக்குப்பதிவு முடியும் தறுவாயில்.

ஒரு வருஷத்துக்குள் செபுல்டுரா இதைப் பாட்டாக்குகிறது. மாக்ஸ் கவலேரா இங்கே பாடவில்லை, செய்தி வாசிக்கிறார். தேதி, கிழமை, இடம், ஹெலிகாப்டர், பிணங்கள். குரலைப் பழைய வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி நசுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாசிக்கிறார், கட்டடத்தின் பெயர் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் போர்த்துக்கீசியத்திலேயே நிற்கிறது. வெளிநாட்டுக் கேட்பவனுக்கு அது வெறும் சத்தம், அந்த ஊர்க்காரனுக்கு முகவரி.

இங்கேதான் எனக்குச் சிக்கல். செய்தி மொழி யாருடைய மொழி? பிணத்தை எண்ணுகிற, எண்ணிய பிறகு விளம்பரத்துக்குப் போகிற மொழி. செத்தவன் அதில் எழுவாயாக வருவதே கிடையாது, எண்ணிக்கையாகத்தான் வருவான். அதே மொழியைக் கடன் வாங்கிக் கண்டனம் செய்வது சாத்தியமா? பாட்டு இதற்குச் சொற்களில் பதில் சொல்லவில்லை. கிதார் சொல்லுகிறது. வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் இரைச்சல் ஏறுகிறது. வார்த்தைகள் பாதி கேட்கிறது, பாதி முழுகிறது. தகவல் முழுசாக நம்மிடம் வந்து சேராமல் போவதுதான் இந்தப் பாட்டின் நேர்மை என்று இப்போது தோன்றுகிறது. முதலில் கேட்டபோது பதிவு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

இதே ஆல்பத்தில் ஐந்தாவதாக இருக்கிறது 'கயோவாஸ்'. வேல்ஸில் செப்ஸ்டோ கோட்டை இடிபாடுகளுக்குள் பதிவு செய்த, பாட்டு வரிகளே இல்லாத இசை. நிலம் பறிபோன குவாரனி-கயோவா பழங்குடிகளின் தற்கொலைகளுக்கான அஞ்சலி. ஆக, செத்தவர்களுக்காகப் பேசுகிற பிரச்சினைக்கு ஒரே ஆல்பத்தில் இரண்டு வழி: ஒன்றில் வாயை மூடிக்கொள்வது, இன்னொன்றில் செய்தியாளன் வாயை வாங்கிக்கொள்வது. மவுனம் அழகாக இருந்ததால் 'கயோவாஸ்' பாராட்டப்பட்டது. ஆனால் வருஷக்கணக்கில் இளைஞர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்ததை ஆல்பத்தின் குறிப்பு ஒரே கூட்டுத் தற்கொலை மாதிரி சொல்லிவிடுகிறது. அழகான மவுனத்துக்குள் இந்தத் தவறு வசதியாக ஒளிந்துகொள்கிறது. 'மேனிஃபெஸ்ட்'டில் அப்படி ஒளிய இடமில்லை.

இதே 1993இல் கயேத்தானோ வெலோசோவும் ஜில்பெர்த்தோ ஜில்லும் 'ஹைத்தி' பாட்டில் 111 என்ற எண்ணை அப்படியே சொன்னார்கள், செத்தவர்களின் தோல் நிறத்தையும் சேர்த்து. செபுல்டுரா நிறத்தைப் பேசவில்லை. இது சின்னக் குறையில்லை. 1997இல் ரசியோனைஸ் எம்சீஸ் என்ற சாவோ பாவ்லோ கறுப்பு ராப் குழு, கரந்திருவில் இருந்த ஜோசெனிர் என்ற கைதியோடு சேர்ந்து எழுதிய பாட்டில்தான் சிறைக்குள்ளிருந்து 'நான்' என்ற சொல் வருகிறது. அதைக் கேட்ட பிறகு 'மேனிஃபெஸ்ட்' வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது பளிச்சென்று தெரிகிறது. மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த மதில் தெரிந்தே இருந்தது என்பதுதான் அந்த நசுங்கிய குரல்.

அரசும் தன் பங்குக்கு ஒரு பிரதி எழுதியது. தாக்குதலை நடத்திய கர்னல் உபிரத்தான் கிமராய்ஷுக்கு 2001இல் 632 வருஷச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2002இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தார். அவருடைய வேட்பாளர் எண் 14111. கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 2006இல் தண்டனை ரத்து. அதே வருஷம் தன் வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். 2013, 2014இல் எழுபதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களுக்குத் தண்டனை, 2016இல் அதுவும் ரத்து, பிறகு மேல்நீதிமன்றங்களில் இழுபறி, 2022 டிசம்பரில் பதவியைவிட்டுப் போகிற நேரத்தில் ஜனாதிபதி பொல்சொனாரோவின் மன்னிப்பு, அடுத்த மாதமே அதற்கு உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. சிறையை 2002இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இளைஞர் பூங்கா வந்தது.

ஆல்பத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால் அடுத்து வருவது 'தி ஹண்ட்'. நியூ மாடல் ஆர்மி குழுவின் பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். போலீஸ் செய்யாததை நாமே செய்து முடிப்போம் என்று தெருவில் குற்றவாளியைத் தேடிக் கிளம்புகிறவர்களின் குரல் அது. கைதிகளின் பிணங்களுக்குப் பக்கத்திலேயே வேட்டைக்காரனின் கோபம், அதே நால்வர், அதே வேகம். தெரிந்து வைத்தார்களா, தற்செயலா? 14111க்கு ஓட்டுப் போட்டவர்கள் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போயிருப்பார்கள் என்று யோசித்தால், எனக்கு பதினோராவதுதான் காதில் விழுகிறது.