புன்னையின் நேர்த்தி

புன்னை இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் இருபுறமும் நூற்றுக்கணக்கான மெல்லிய நரம்புகள், இடைவெளி பிசகாமல், விளிம்பு வரை ஓடுகின்றன. தேர்ந்த நெசவாளி இழுத்துக் கட்டிய பாவு போல அத்தனை ஒழுங்கு! மற்ற மரங்கள் பலவற்றின் இலைநரம்புகள் கிளைத்தும் வளைந்தும் வலைபின்னும். புன்னையோ நேர்கோடுகளை மட்டுமே கொண்டு ஓர் அழகைச் சமைத்துவிட்டது.

இலையைத் திருப்பி அதன் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். தடித்த, வழுவழுப்பான, எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை. இந்தப் பளபளப்பு வெறும் ஒப்பனையன்று. உப்புக்காற்று ஓயாமல் அறையும் கரையில் நிற்கும் மரத்துக்கு இந்தத் தடிப்புத்தான் கவசம். கவசத்தையே அணிகலனாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை என்னென்பது!

இனிப் பூவுக்கு வருவோம். இலைக்கக்கத்திலிருந்து நீளும் கொத்தில் உருண்டு திரண்ட வெண்மொட்டுகள். அவை அவிழ்ந்ததும் தூய வெள்ளை இதழ்கள், நடுவே பொன்மஞ்சள் மகரந்தத்தாள்களின் அடர்ந்த திரள். சற்றே குனிந்து உற்றுப் பார்த்தால் இன்னொரு நயம் புலப்படும். நான்கு புல்லி இதழ்களில் உள்வரிசை இரண்டும் வெள்ளை பூண்டு அல்லி இதழ்களோடு கலந்து நிற்கும். எது புல்லி, எது அல்லி என்று கண் தடுமாறும். மஞ்சள் திரளுக்கு நடுவே இளஞ்சிவப்பாய் ஓர் உருண்டைச் சூலகம், அதன்மேல் ஒற்றைச் சூல்தண்டு. வெள்ளை, பொன், இளஞ்சிவப்பு: மூன்றே நிறங்கள், மிகையாய் ஒரு தீற்றல்கூட இல்லை. மணமும் அப்படித்தான், இனிமையானது, திகட்டாதது.

காயின் வடிவிலும் அதே நேர்த்தி. பசுமையான சிறு கோளம். பழுத்து உலர்ந்தால் தோல் சுருங்கும், உள்ளே கெட்டியான ஓடு. இது கடல்நீரில் மிதக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை புன்னை நிற்பதற்கு இந்த மிதவைக்கும் பெரும் பங்குண்டு. பருப்பின் எண்ணெய் விளக்கெரித்தது. மரம் படகு கட்ட உதவியது.

இத்தகைய மரத்தை மக்கள் உறவாக்கிக்கொண்டதில் வியப்பென்ன? நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு பெண், விளையாட்டாய் மணலில் புதைத்து மறந்த விதையிலிருந்து முளைத்த புன்னையைத் தன் தங்கையாகவே கருதி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னையே தலமரம்.

கடலோர ஊர்களில் இடமுள்ளவர்கள் ஒரு புன்னையாவது வையுங்கள். கொட்டையின் ஓட்டைப் பக்குவமாக உடைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அவசரப்படாதீர்கள். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு அந்த நேரம் தகும்.